கோத்தகிரிக்குத் தூங்கப் போனோம்

மலைக்குப் போகிறவர்கள் ஊர் பார்க்கப் போவார்கள். நான் என் வீட்டுக்காரரைத் தூங்க வைக்கப் போனேன். 2006ஆம் ஆண்டு, தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குத் திருப்பூர் ராயபுரத்து வீட்டைப் பூட்டும்போதே அவருடைய கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

விஷயம் இதுதான். அவர் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து நைட் ஷிப்டு. நான் கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வீட்டுக்கு வருவார். வாசற்படியில் சாவியைக் கைமாற்றிக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். ஆவணியில் சண்டை பிடித்து அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினேன். பகலெல்லாம் வேலை பார்த்த மனுசன் படுத்தால் தூங்க வேண்டாமா? விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஷிப்டு மாறிய அன்றைக்கே, கடகடவென்று அடிக்கிற பழைய டேபிள் ஃபேனை அட்டாலிப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, சத்தமே வராத புது ஃபேன் மாட்டியிருந்தேன். தெருப்பக்கத்துச் சன்னலையும் சாத்தினேன். ம்ஹும்.

"நாளைக்குக் கம்பெனி தெறக்கறாங்க அம்முணி. இன்னிக்கும் தூக்கம் வரலீன்னா நான் நைட்டுக்கே போயிர்றேன். ஒடம்பு தாங்கல" என்றார் அன்று காலை. எனக்கு அழுகை வந்தது. கோபம்போலக் காட்டிக்கொண்டேன். குளிர்காற்று பட்டால் கண் தன்னால் சொக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நம்பித்தான் இந்தப் பயணம். எனக்கும் ஓர் ஆசை இருந்தது. கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்தால் கோடநாட்டுக் காட்சிமுனைக்குப் போகலாம். அங்கே நின்றால் மேகம் நம் காலுக்குக் கீழே போகுமாம்.

அவிநாசி வருவதற்குள்ளேயே மனுசன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். பஸ்ஸில் யார்தான் தூங்க மாட்டார்கள்? அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அன்னூரில் டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். இவர் உடனே விழித்து, "ஊரு வந்துருச்சா?" என்றார். மேட்டுப்பாளையத்திலும் அதே கதை.

அங்கே மலை பஸ்ஸுக்கு மாறினோம். கோத்தகிரிக்கு முப்பத்து மூன்று கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். பாக்குத் தோப்புகள் முடிந்ததும் ரோடு வளைந்து ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் வெயில் கொஞ்சம் கழன்று கீழே விழுந்தது. கீழே சமவெளி முழுவதும் ஒரே வெள்ளைப் புகை. அதற்குள் எங்கேயோதான் திருப்பூரும் இருக்கிறது என்று நினைக்க வேடிக்கையாக இருந்தது. "ஏனுங்க மாமா, அங்க பாருங்க" என்று தோளைத் தட்டினேன். "ம்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

பத்து மணிக்குக் கோத்தகிரி. காற்றில் ஈர மண்ணும் தைல மர இலையும் சேர்ந்து மணத்தன. கடைவீதியைத் தாண்டிக் கோடநாட்டு ரோட்டில் நடந்தோம். இருபுறமும் தேயிலை. நடுநடுவே நெட்டையான மரங்கள் பாதி மஞ்சுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றன. ஒரு சரிவில் துண்டை விரித்துப் புளிசாதம் சாப்பிட்டோம். நேரம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனது. என் மூச்சு எனக்கே கேட்கிற அளவுக்கு அமைதி. எனக்குக் கண் சொக்கியது. அவர் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படுங்க மாமா. இதைவிட என்ன வேணும் உங்களுக்கு?"

"என்னமோ எல்லாமே நின்னு போன மாதிரி இருக்குது அம்முணி. மனசு அடிச்சுக்குது."

எனக்கு மனசே விட்டுப்போனது. இனி மறுபடியும் வாசற்படியும் சாவியும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி இருக்கும், சடசடவென்று மழை பிடித்தது. ஓடிப்போய் ரோட்டோர டீக்கடையில் ஒதுங்கினோம். தகரக் கூரை. மழை அதன்மேல் இறங்கிய இரைச்சலில் கடைக்கார அம்மாவிடம் இரண்டு டீ என்று விரலால்தான் காட்ட முடிந்தது. டீ மூன்று ரூபாய், தொட்டுத் தின்ன மொறுமொறு வர்க்கி தனி. கோடநாட்டு பஸ் எப்போது என்று கத்திக் கேட்டுவிட்டுத் திரும்பினால், கையில் கடித்த வர்க்கியோடு சுவரில் சாய்ந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் தூக்கம் அல்ல, பச்சைப் பிள்ளைத் தூக்கம். புருவம் இரண்டும் இளகியிருந்தன. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த முகத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

மழைக்குள் மஞ்சள் விளக்கோடு பஸ் வந்தது. "எழுப்பும்மா. இத விட்டா இனி சாயங்காலந்தான்" என்றார் கடைக்கார அம்மா.

"வேண்டாங்க அக்கா. தூங்கட்டும்."

பஸ் போய்விட்டது. என் மேகமும் அதோடு போனது. கொஞ்ச நேரத்தில் மஞ்சு ரோட்டைத் தாண்டிக் கடைக்குள்ளேயே வந்தது. பெஞ்சு, பாய்லர், பன் பாட்டில் எல்லாம் ஒவ்வொன்றாக மங்கின. நானும் அவரும் மட்டும் எங்கோ மிதக்கிறோம் என்று தோன்றியது.

"இந்தக் கூரைச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறாரோ. எங்க வீட்டுக்காரர் மழை வந்தா காதுல பஞ்சு வெச்சுக்குவாரு" என்றார் அந்த அம்மா. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மழை சட்டென்று நின்றது. அந்த நொடியே அவர் திடுக்கிட்டு விழித்தார். கை தலைக்கு மேலே எதையோ தேடியது.

"நூல் அறுந்துருச்சா?" என்றார்.

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். ஓட்டுகிறவர் இரைச்சலில் பக்கத்திலேயே கண்ணயர்ந்திருந்தாலும், சத்தம் நின்றால் எழுந்து ஓட வேண்டும். இத்தனை வருசம் அப்படிப் பழகிய காது அது. நானோ வீட்டில் இருந்த சத்தத்தையெல்லாம் தேடித் தேடி அடைத்திருக்கிறேன். அமைதியைக் கொடுத்து மனுசனை விடிய விடியக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் ஒன்றும் புரியாமல் மீதி வர்க்கியைத் தின்றார்.

மாலை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கோடநாடு எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கோத்தகிரியில் ஒரு தகரக் கூரை இருக்கிறது, அதன்மேல் மழை பெய்யும். அதுதான் நான் கண்ட ஊர். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் அட்டாலியிலேயே இருந்திருக்கிறது.

"அப்ப நாளைக்கு நைட்டுதான?" என்றார் தயங்கியபடி.

"இல்லீங்க மாமா. பகல்தான். ஊட்டுக்குப் போனதும் அட்டாலியில கெடக்கற பழைய ஃபேனை எறக்கிப் போடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது கடகடன்னு அடிக்குமே. நீ எப்படித் தூங்குவ?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பினார். முதல் வளைவு வருவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் எனக்குக் கொஞ்சம் பஞ்சு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.