ஜாத்திரை விளக்கில் வெடித்த விண்மீன்

பலமனேருக்கு அருகே குன்றின் மேல் நிற்கும் தொலைநோக்கிக்குக் கோவர்த்தனன் பதினோராண்டுகளாகத் தற்காலிக உதவியாளர். தற்காலிகம் என்பது அரசாங்கம் நித்தியத்துக்கு இட்ட பெயர். பிச்சாட்டூரில் அவருடன் கூலிக்குப் போனவர்களின் பிள்ளைகள் பெங்களூரில் கணினி தட்டிக்கொண்டிருந்த 2003ஆம் ஆண்டிலும், அவருடைய பணி நிரந்தரமாகத் தலைமை ஆய்வாளர் தோதாத்ரியின் கையெழுத்து ஒன்றே பாக்கி.

திருப்பதிக்காரரான தோதாத்ரிக்கோ அமெரிக்கா போக ஒரு கண்டுபிடிப்பு பாக்கி. வானம் இரங்கியது. சில நொடிகளே நீடித்த காமாக் கதிர் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. அதன் பின்னொளி மங்கும்போது, அங்கே சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறிய பெருவிண்மீன், இருக்கிறதா என்று பார்க்க ஒளியை நிறங்களாகப் பிரிப்பார்கள். இருந்தால் நிறமாலையில் அகன்ற மேடுகள் எழும். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய் இரவில் எடுத்த நிறமாலையின் மஞ்சள் பகுதியில் மேடு எழுந்தது. தோதாத்ரி துள்ளினார்.

மறுநாள் காலையில் அதைப் பார்த்த கோவர்த்தனன் துள்ளவில்லை.

"சார், இது மேல வெடிச்சது இல்ல. கங்கம்மா கோயில் ஜாத்திரைக்குக் கீழ ரோடு பூரா மஞ்ச சோடியம் லைட்டு போட்டுக்கீறாங்க. ராத்திரி டூட்டி நோட்டுல எழுதிக்கீறேன்."

"வான வெளிச்சத்தைத்தான் கழிச்சாச்சேப்பா!"

"நீங்க கழிச்சது திங்கக்கெழம வானம் சார். லைட்டு எரிஞ்சது செவ்வாக்கெழம."

அவசரத்தில் நேர்ந்த பிழை தோதாத்ரிக்குப் புரிந்தது. குரல் தேனானது.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடேன், கோவர்த்தனா. ஒன் கடுதாசி மேஜைமேலதான் இருக்கு. சாயங்காலமே கையெழுத்துப் போட்டுடறேன்."

கோவர்த்தனன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம ஜாத்திரை முடியுது சார். அப்புறம் இன்னொரு தபா எடுக்கலாம். நட்சத்திரம்னா அங்கியே இருக்கும். லைட்டுன்னா கான்ட்ராக்டரு கழட்டிக்கினு பூட்டிருப்பான்."

எடுத்தார்கள். மேட்டையும் கான்ட்ராக்டரே கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

ஊர் விளக்குகள் வானியலாரை ஏமாற்றும் விதம் குறித்துத் தோதாத்ரி கட்டுரை எழுதினார். அந்த ஏமாற்றைத் தம் கூர்மதியே கண்டுகொண்டதாக அதில் அடக்கத்துடன் குறிப்பிட்டார். அமெரிக்கா அவரை அள்ளிக்கொண்டது. அவர் காலி செய்த மேஜையில் கோவர்த்தனனின் கடிதம் கன்னி கழியாமல் கிடந்தது.

"ஒரு காயிதத்த கிழிச்சா தேஞ்சா பூட்டிருப்ப?" என்று சோற்றுத் தட்டை ஓசையுடன் வைத்தாள் மனைவி செங்கம்மா. "பெரிய அரிச்சந்திரன் பேரனாட்டம்!"

"அரிச்சந்திரனும் இல்ல, ஒண்ணும் இல்லடி," என்றார் கோவர்த்தனன். "நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் நம்பரு போட்டுக்கீது. கிழிச்சா தெரிஞ்சிடாது?"