கொக்குக் குளியலின் தண்ணீர்

அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? வரி அலுவலகத்திலிருந்து வந்த முராகோஷி இப்படிக் கேட்டபோது, எங்கள் தெருவில் யாருக்கும் பதில் தெரியாது. எனக்கும்தான். தெரிந்த ஒரே ஆளான ஃபுசாயே வாயைத் திறக்கவில்லை.

ஒசாகாவில் டிராம் போகும் தெருவில் ‘கொக்குக் குளியல்’ என்ற பொதுக் குளியல் கூடத்தை நடத்துபவர் ஃபுசாயே. கணவர் இறந்த பிறகு, கொதிகலனை மூட்டுவது, தரையைத் தேய்ப்பது, வாசலில் உட்கார்ந்து கட்டணம் வாங்குவது எல்லாம் அவரே. வரியில் ஒரு யென்கூடக் குறைத்ததில்லை என்று சொல்லும்போது அவர் கழுத்து தானாக நிமிரும்.

அதனால்தான் கணக்காளர் குசுமி தொலைபேசியில் சொன்னதும் ஃபுசாயே ஆடிப்போனார்.

“அக்கா, உங்க வரிக் கணக்கைப் பாக்க ரெண்டு பேர் வர்றாங்களாம். செவ்வாய்க்கிழமை காலையில.”

“நான் என்ன திருடியா?”

“திருடி வீட்டுக்குச் சொல்லிட்டா வருவாங்க? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா, பாத்துச் சொல்றேன்னு சொல்லுங்க. தப்பே இல்ல.”

செவ்வாயன்று முராகோஷியும் இனாபா என்ற இளம்பெண்ணும் வந்தார்கள். குசுமியும் கூட இருந்தார். முதலில் தொழில் எப்படிப் போகிறது என்று ஊர்க்கதை போலப் பேசினார்கள். பிறகு மூன்று வருடக் கணக்கு, வங்கிப் புத்தகம், கல்லாப்பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசியில் முராகோஷி தண்ணீர் ரசீதை எடுத்தார்.

“இந்த அளவு கூடத்துக்கு இது ரெண்டு மடங்கு தண்ணிம்மா. வருமானம் மட்டும் கூடலையே. கணக்குல வராத ஆளுங்க யாராவது குளிக்கிறாங்களா?”

ஃபுசாயேவின் முகம் சிவந்தது. குசுமி அவரை உடை மாற்றும் அறைக்கு இழுத்துப் போனார்.

“குழாய் ஒழுகுதுன்னு சொல்லிடுங்க.”

“என் கூடம் ஒழுகுதுன்னு என் வாயால சொல்றதா? அதுக்கு அவங்க கேக்குற வரியையே கட்டிட்டுப் போறேன்.”

“அப்போ உண்மையைச் சொல்லுங்களேன்!”

“நான் தினமும் தொட்டியைக் காலி பண்றேன்னு சொன்னா, அதே தண்ணியை வடிகட்டி வெச்சுக்கிட்டு வாரத்துக்கு ஒருதரம் மாத்துற மத்தக் கூடக்காரங்க கதி? அதுல சட்டப்படி தப்பே கிடையாது. ஆனா சனங்க மூக்கைச் சுளிப்பாங்க. குளியல் கூடச் சங்கத்துல எல்லாரும் எனக்குக் கூடப்பிறந்தவங்க மாதிரி.”

“சொல்லலைன்னா ஆளை மறைச்சவங்கன்னு உங்களுக்குத்தான் பேர் வரும். அபராதமும் வரும்.”

ஃபுசாயே ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டார். நேராக வெளியே வந்தார்.

“சொல்ல மாட்டேன். காட்டறேன். ரெண்டு பேரும் கால்சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு வாங்க.”

வழக்கமாக அந்த நேரத்துக்குத் தொட்டி காலியாகியிருக்கும். இவர்கள் வருவதால் அன்று வேலை நின்றிருந்தது. முந்தைய நாள் தண்ணீர் அப்படியே இருந்தது. ஃபுசாயே அடைப்பைப் பிடுங்கினார். தண்ணீர் சுழன்று இறங்கியது. அவர் உள்ளே இறங்கி மூலை மூலையாகத் தேய்த்தார்.

இனாபா தொட்டியின் சுவரில் விரலை இழுத்துப் பார்த்தார். கொஞ்சம்கூட வழுக்கவில்லை.

“தினமுமாம்மா இப்படி?”

“என்னைக் கேக்காதீங்க. நான் எதுவும் சொல்லல.”

முராகோஷி சிரித்துவிட்டார். தொட்டி நிரம்புவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் மானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதைத் திறந்திருந்த நாட்களால் பெருக்கி, குளிப்பவர்கள் குழாய்களில் பிடிக்கும் தண்ணீரையும் சேர்த்தார். ரசீதில் இருந்ததற்கு மிக அருகில் வந்தது.

“அலுவலகத்துல பேசிட்டுச் சொல்றோம்மா. எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

“மூணு மணிக்கு. அரசாங்க ஆளா இருந்தாலும் காசு குடுத்துட்டுத்தான் உள்ள வரணும்.”

சில வாரங்கள் கழித்து, வரிக் கணக்கில் திருத்தம் எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. ஃபுசாயே அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. படித்துவிட்டுத் தொட்டியைத் தேய்க்கப் போனார்.

வரி அலுவலகம் வருகிறது என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். மற்றக் குளியல் கூடங்களின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஃபுசாயே இன்றுவரை சொல்லவில்லை.