கடல் காணாத கத்தி

அரைவட்ட அரம் உள்வளைவில் ஏறி இறங்கியது. வலது கை தள்ளியது. இடது கைப் பெருவிரல் அரத்தின் நுனியை அழுத்தவில்லை. அது எங்கே போகிறதென்று அறிய மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. தள்ளும்போதுதான் அரம் இரும்பைத் தின்னும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் மழுங்கும். பத்துத் தரம் தள்ளியபின் கைகள் நின்றன. விரல் நகம் ஒன்று வளைவின் மேல் மெதுவாக ஓடி, ஓரிடத்தில் தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத மேடு. அரம் மறுபடி ஏறியது.

வைஸில் பூட்டியிருந்தது பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில் வெட்டியெடுத்த இரும்பு. பருந்தின் சொண்டு மாதிரி வளைந்திருந்தது. கூர் வர வேண்டிய இடம் வெளிவளைவு அல்ல, உள்வளைவு. பிடி முடிகிற இடத்தில் ஆள்காட்டி விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். நுனி குத்தாதபடி மொட்டையாக இருந்தது.

அந்தக் கைகள் பிறிஜெற்றினுடையவை. கொட்டாஞ்சேனையில், மாதா சுருவம் வைத்த முடுக்கின் கடைசி வீடு. வீட்டின் பின்புறம் தகரம் இறக்கிய ஒடுங்கிய இடத்தில் வைஸ், கிறைண்டர், சிரட்டைக் கரி எரிக்கும் பழைய சட்டி, ஒரு வாளி. பேலியகொடை மீன் சந்தையிலிருந்து வாரத்தில் இருமுறை சாக்கில் சுற்றிய கத்திகள் தீட்டுவதற்கு வரும். புதுக் கத்தியும் செய்து கொடுப்பாள். யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. சந்தையில் மீன் விற்ற காலத்தில் பக்கத்தில் தீட்டுகிறவர்களைப் பார்த்தாள். பிறகு வீட்டில் கெடுத்துக் கெடுத்துப் பழகினாள். எல்லா விதக் கத்தியும் செய்தாள், வளைந்த கத்தியைத் தவிர. இதற்கு முன் அதை ஒரேயொரு தரம்தான் செய்திருந்தாள், புருஷன் சிறிலுக்கு.

சிறில் துறைமுகத்தில் சுழியோடி. கப்பலின் புறொப்பலரில் கயிறு சுற்றிக்கொண்டால் கீழே இறங்கி அறுத்து விடுவது அவன் வேலை. கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது. நேர்க் கத்தி நனைந்த நைலோன் கயிற்றில் வழுக்கும். வளைந்த கத்தி என்றால் கயிற்றைக் கொளுவி இழுத்தால் போதும். கை விறைத்து விரல் திறந்தாலும் வளையம் கத்தியை விழ விடாது. அதனால்தான் செய்து கொடுத்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சரக்குக் கப்பலின் அடியில் கயிறு சிறிலையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. மேலே கொண்டு வந்தபோது மூச்சில்லை. கத்தி கையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போய்விட்டது என்றார்கள்.

அன்று தொடங்கியதுதான். கத்தியைச் சூடு ஆற்ற வாளிக்குள் அமிழ்த்தும்போது, தண்ணீருக்குள் முறிந்தது போலத் தெரிகிற தன் கையை அவள் பார்ப்பதில்லை. பார்த்தால் அது அவனுடைய கையாகிவிடும். கயிற்றைக் கொளுவி இழுக்கும். வெட்டாது. மறுபடி இழுக்கும். வெட்டாது. எங்கே பிழை விட்டேன்? வெட்டும் விளிம்பை அளவுக்கு மிஞ்சி மினுக்கிவிட்டேனா? கேக் சுடும் போறணையில் பதம் ஆற்றியபோது சூடு கூடிப்போய் இரும்பு மெதுமையாகிவிட்டதா? கேட்பதற்குக் கத்தி இல்லை. அது கடலுக்கடியில் கிடந்தது.

ஆகவே வளைந்த கத்தி கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினாள். போன மாதமும் வெள்ளவத்தையில் ஜிம் நடத்தும் ராகுலன் என்பவன் வந்து ஃபோனை நீட்டினான்.

“அன்ரி, இதைப் பாருங்கோ. டக்ரிக்கல் நைவ், ஆமிக்காரர் வைச்சிருக்கிற வளைஞ்ச கத்தி. கையால செய்தது எண்டா வெளியில சரியான மவுசு.”

“எதை வெட்டப் போறீர்?”

“வெட்டவோ? ஐயோ, இல்லை அன்ரி. ஷோகேசுக்குள்ள வைக்கத்தான்.”

“அப்ப போய் ஒரு குத்துவிளக்கு வாங்கி வையும். அதாவது வெளிச்சம் தரும்.”

“நீங்கள் மாதாவைக் கும்பிடுற வேதக்காரர், குத்துவிளக்கைப் பற்றிக் கதைக்கிறியள்!”

“நீர் ஒரு நாளும் ஒண்டையும் வெட்டாத ஆள், கத்தியைப் பற்றிக் கதைக்கிறீர்.”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அதற்கு அடுத்த கிழமை, பின்னேரம், மீன்கத்தி ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தபோது கேற்றில் தட்டும் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

அவளுடைய கை கல்லின் மேல் அப்படியே நின்றது. கைமுட்டியால் தட்டினால் அந்தத் தகரக் கேற் அதிரும். இது அதிரவில்லை. இரும்பில் இரும்பு வைத்தது போல, சிறிய, சுத்தமான சத்தம். சிறில் வேலை முடிந்து வரும்போது கத்தி வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு அப்படித்தான் தட்டுவான். ஒன்பது வருடத்தில் எத்தனையோ தரம் அது காதில் விழுந்திருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்து வெறும் முடுக்கைக் கண்டு திரும்பியிருக்கிறாள். இனி எழும்புவதில்லை என்று முடிவெடுத்தும் வருடக்கணக்காகிவிட்டது.

டொக். டொக்.

“அக்கா, நான் றமேஷ்!”

றமேஷ் பருத்தித்துறைக்காரன். ஜிந்துப்பிட்டியில் குடியிருந்தான். சிறில் கீழே இறங்கும் நாட்களில் படகில் நின்று அவனுடைய உயிர்க் கயிற்றைப் பிடித்தவன். ஆண்டுத் திதிப் பூசைக்குத் தவறாமல் வந்து, கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, எப்போது எழும்ப வேண்டும் எப்போது முழந்தாளிட வேண்டும் என்று தெரியாமல் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்வான். இப்போது அவனே ஒரு சுழியோடிக் குழுவை நடத்துகிறான்.

கையில் துவாயால் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. துணி விலகிய ஒரு மூலையில் இரும்பு தெரிந்தது, அதைக்கொண்டுதான் தட்டியிருக்கிறான்.

“இருக்கச் சொல்லமாட்டீங்களோ?”

“இரு. என்னது கையில?”

“அக்கா, லவனும் இப்ப சுழியோட வந்திட்டான். என்ர தம்பி. கொம்பனி குடுக்கிற கத்தி சரியில்லை. சிறில் அண்ணனுக்குச் செய்து குடுத்த மாதிரி ஒண்டு வேணும்.”

“நான் அது செய்யிறதில்லை. உனக்குத் தெரியும்.”

“தெரியும். அதுதான் மாதிரிக்கு…” அவன் வசனத்தை முடிக்காமல் துவாயை அவிழ்த்தான்.

கருங்காலிப் பிடி. பித்தளை ஆணி மூன்று. வளையத்தின் உட்புறத்தை அவள் தடவித் தடவி மழமழப்பாக்கியிருந்த இடம். அவள் அதைத் தொடவில்லை. முதலில் குனிந்து மணந்து பார்த்தாள். தையல் மெசின் எண்ணெய். அவள் பூசியது. பிடியும் அலகும் சேர்கிற இடுக்கில் அது காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. அலகில் ஒரு புள்ளி துரு இல்லை. அவளுடைய முகம் அதில் வளைந்து தெரிந்தது.

“இது தண்ணிக்குள்ள போகேல்லை” என்றாள்.

றமேஷ் துவாயைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“றமேஷ்.”

“போகேல்லை, அக்கா.”

“எங்க இருந்தது?”

“அண்ணன்ர பைக்குள்ள. சேர்ட்டால சுத்தி, சேர்ட்டின்ர கையால முடிச்சுப் போட்டிருந்தவர்.”

“அப்ப கீழ எதைக் கொண்டு போனவர்?”

“கொம்பனிக் கத்தி. நேர்க் கத்தி.”

அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடலாமா என்று பார்த்தாள். முடுக்கில் யாரோ ஒருவன் சிங்களத்தில் பாண் விற்றுக்கொண்டு போனான்.

“ஏன்?”

றமேஷ் துவாயை மடித்தான், விரித்தான், திரும்ப மடித்தான். “காலையில நான் கேட்டனான், எங்க அண்ணை உங்கட கொக்கிக் கத்தி எண்டு. சிரிச்சவர். ‘இதில துருவைக் கண்டா பிறிஜெற் எனக்குச் சோறு போடமாட்டாள், ஐசே. இது வீட்டில காட்டுற கத்தி, அது வேலை செய்யிற கத்தி’ எண்டவர்.”

அது அவள் சொன்ன வார்த்தை. கத்தியைக் கொடுத்துச் சில நாட்களில் அலகெல்லாம் துரு ஏறக் கொண்டு வந்தான். உப்புத் தண்ணீரில் நனைந்ததைத் துடைக்காமல் பையில் போட்டிருந்தான். அவள் உட்கார்ந்து சாம்பலும் எலுமிச்சம்புளியும் போட்டு மினுக்கினாள். எண்ணெய் பூசினாள். ‘இனி இதில ஒரு பொட்டுத் துருவைக் கண்டன் எண்டா உங்களுக்கு இந்த வீட்டில சோறில்லை’ என்றாள். அவன் பொலிஸ்காரன் மாதிரி சலூட் அடித்தான். அதன்பிறகு கத்தி எப்போதும் மினுங்கியது. எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறான் என்று அவள் அயல் வீட்டுக்காரிக்குப் பெருமையாகச் சொல்லியுமிருக்கிறாள்.

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது, அக்கா? கத்தியோட இறங்கினவர், அது தவறிப் போச்சு எண்டு சொன்னா உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும் எண்டு நினைச்சன்.”

“ஒன்பது வருஷமா அந்தக் கத்தி வெட்டேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

அவள் றமேஷை ஏசவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சீனி போட மறந்துவிட்டாள். அவன் சொல்லாமல் குடித்தான்.

“லவன் எப்ப இறங்கப் போறான்?”

“ஏற்கெனவே இறங்கிறான், அக்கா. அந்த நேர்க் கத்தியோடதான்.”

“இதை வைச்சிட்டுப் போ” என்றாள்.

அன்றிலிருந்து, பார்க்காமலே வாளிக்குள் தெரிந்தது மாறியது. இப்போது கை கயிற்றை இழுக்கவில்லை. இடுப்பைத் தடவியது. வளையத்தைத் தேடியது. அங்கே வளையம் இல்லை. வெட்டாத கத்தியைவிட இது மோசமாக இருந்தது. ஏனென்றால் இதில் இரும்புக்கு ஒரு குற்றமும் இல்லை. சில வேளைகளில் வாளியே தெரியாது. முடிச்சுப் போட்ட சேர்ட் மட்டும் தெரியும். உடைந்துவிடும் என்று பயந்து பீங்கானைச் சுற்றுவது போல, பக்குவமாகச் சுற்றியது.

பழைய கத்தியை முன்னால் வைத்து அளவெடுத்தாள். வளைவு அதேதான், வளையம் அதேதான். அவற்றில் அவள் கை வைக்கவில்லை. கருங்காலியும் பித்தளையும் வேண்டாம் என்று விட்டாள். உள்வளைவை அரத்தால் ராவி முடித்தபின், சிரட்டைக் கரியில் இரும்பு சிவந்து, காந்தம் ஒட்டாமல் நழுவும் சூடு வந்ததும் எண்ணெயில் இறக்கினாள். பிறகு போறணையில் வைத்து, தேய்த்துவிட்ட ஓரத்தில் வைக்கோல் நிறம் வரும்வரை கதவுக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். நெருப்பில் கறுத்த அலகை வெளுக்கவில்லை. பிடியில் மீன்வலை நூலை ஈரமாக இறுக்கிச் சுற்றினாள். வெட்டும் விளிம்பைக்கூட மினுக்கவில்லை. உருட்டுத் தடியில் முரட்டு எமரித் தாளைச் சுற்றி உள்வளைவில் தேய்த்து, கயிற்றின் இழையைக் கவ்வும்படி அந்தச் சொரசொரப்போடு விட்டாள்.

வேலை முடிந்தது என்று யாரும் சொல்லுவார்கள். அவள் றமேஷுக்கு ஃபோன் அடித்தாள்.

“வாற வழியில ஹாபர் தண்ணி ஒரு கான் கொண்டு வா. பழைய கயிறும் ஒரு துண்டு.”

“தண்ணியோ? என்னத்துக்கு, அக்கா?”

“குளிக்க. கொண்டு வா எண்டா கொண்டு வா.”

சிறில் போனபின் அவள் கடற்கரைப் பக்கம் போனதில்லை. இப்போது கடல் ஒரு பிளாஸ்ரிக் கானில் வீட்டுக்கு வந்தது. டீசல் மணமும் பாசி மணமும் அடித்தது. வாளியைக் கழுவிவிட்டு அதை ஊற்றினாள். புதுக் கத்தியை உள்ளே விட்டாள். கொஞ்சம் யோசித்து, பழையதையும் விட்டாள். கருங்காலிப் பிடி ஒருதரம் புரண்டு, இரும்பின் பாரத்தில் போனது. வளையம் வாளியின் அடியில் தட்டியது.

டொக்.

இந்த முறை அவள் வாளிக்குள் பார்த்தாள். தண்ணீரில் முறிந்து தெரிந்தது அவளுடைய கைதான். வெளியே எடுக்கவில்லை. குளிர் மணிக்கட்டுக்கு ஏறும்வரை அப்படியே வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்ன பிறிஜெற், மீன் வளர்க்கிறியோ?” என்று கேட்டதற்கு “ஓம்” என்றாள்.

சில நாட்களில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பழையதை அடியிலேயே விட்டு, புதுக் கத்தியை எடுத்துத் துடைத்தாள். அலகு முழுவதும் செம்புள்ளி. வெட்டும் விளிம்பை மட்டும் எமரியில் திரும்பத் தேய்த்தெடுத்தாள். கப்பல் கயிற்றுத் துண்டை நனைத்து வைஸில் கட்டி, உள்வளைவைக் கொளுவி ஒருதரம் இழுத்தாள். கயிறு சத்தமில்லாமல் இரண்டாகி விழுந்தது. இன்னொரு இடத்தில் கொளுவி இழுத்தாள். அதுவும் விழுந்தது. மிச்சமிருந்த கயிறு முழுவதையும் துண்டு துண்டாக அறுத்து முடித்த பிறகுதான் நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வந்தபோது றமேஷும் லவனும் கேற்றடியில் நின்றார்கள். லவன் அண்ணனைவிட உயரம். தோள் அகலம். மூங்கில் மாதிரி நின்றான். அவள் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தாள். துணியில் சுற்றவில்லை.

லவன் அதைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். “அக்கா, இது… துருப் பிடிச்சிருக்கு.”

“ஓம். நான்தான் பிடிக்க விட்டனான்.”

“புதுக் கத்தி எண்டு அண்ணை சொன்னார்.”

“புதுசுதான். பிடிக்கேல்லையோ?”

“இல்லை, பிடிக்கேல்லை எண்டில்லை. வடிவா…” அவன் சிரித்தான். “வடிவா இல்லை.”

“நல்லது. வடிவில்லாததைத்தான் இடுப்பில கட்டுவாய். துடைக்காதை. எண்ணெய் போடாதை. உடைஞ்சா வா, இன்னொண்டு தாறன். துருவோட வந்தா ஒரு சொல்லும் சொல்லமாட்டன். ஆனா இது பைக்குள்ள கிடக்க நீ கீழ இறங்கினாய் எண்டு கேள்விப்பட்டன் எண்டா…”

றமேஷ் முடுக்கின் மறுபக்கத்தைப் பார்த்தபடி நின்றான்.

“இறங்கமாட்டன், அக்கா” என்றான் லவன்.

“விரலை நீட்டு.”

அவன் ஆள்காட்டி விரலை நீட்டினான். அவள் வளையத்தை அதில் மாட்டி, பிடியைச் சுற்றி அவனுடைய மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். அவளுடைய உள்ளங்கையில் கொஞ்சம் துரு ஒட்டியது. மூடிய அந்தக் கையை இரண்டு கையாலும் ஒருதரம் இறுக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, விட்டாள்.