அவ்ரில் டிஸார்டின் பங்கு பாட்டில்

இங்கிலாந்தின் ஈஸ்ட்லீயில் ஒரு மருத்துவரின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவள் அவ்ரில் டிஸார்ட். அந்த நாற்காலியில் அத்தனை காலம் உட்கார்ந்தவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மதிப்பு மிஞ்ச வழியில்லை. உயிர் போகிற அவசரம் என்று தொலைபேசியில் கத்திவிட்டுக் கால் ஆணியைக் காட்ட வருகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். வாரத்துக்கு இரண்டே கோப்பை மது என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மூக்கு நுனி சிவக்க, மூச்சிலேயே மிச்சக் கணக்கைச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறாள். யாரிடமும் அவள் குரல் உயர்த்தியதில்லை. முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் எதிரே நிற்பவனை மனத்துக்குள் கிழித்துப் போடுவது அவளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது.

அந்தக் கலைக்கு வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தான். அவள் புருஷன் ராட்னி.

ராட்னி ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்துகிறவன். முப்பத்தோரு வருடம் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து, நடுங்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"இன்னிக்கு ஆறு பேரு. ஒருத்தன்கூடத் தேறல. ஒரு பொண்ணு அழுதே தீத்துட்டா."

வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவனின் திருப்தி அப்போது அவன் முகத்தில் இருக்கும். அவ்ரில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "பாவம்" என்பாள். யாரைச் சொன்னாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவனுக்குத் தோற்கடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிற கார்களுக்கு மனத்தாலேயே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் வின்செஸ்டரில் ஒரு மண்டபத்தில் வியாழக்கிழமை மாலைகளில் ஒயின் ருசிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். மொத்தம் எட்டு வாரம். கடைசி நாளில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுத்த அதைச் சட்டம் போட்டு, கழிப்பறைக்கு எதிரே உள்ள சுவரில் மாட்டினான். வீட்டுக்கு வருகிற எவரும் தப்ப முடியாத இடம் அது.

அதற்குப் பிறகு உலகத்தில் இருக்கிற ஒயின் எல்லாம் அவனிடம் தேர்வு எழுதிற்று. பெரும்பாலும் தோற்றது.

சௌதாம்ப்டனிலிருந்து வருடா வருடம் மே மாதம் கப்பலேறுவது அவர்கள் வழக்கம். வீட்டிலிருந்து துறைமுகம் இருபது நிமிடம். கப்பலில் விற்கிற ஒயினை ராட்னி தொட மாட்டான். "கார் கழுவற தண்ணி" என்பான். கப்பல் விதிப்படி, ஏறுகிற அன்று ஆளுக்கு ஒரு பாட்டில் கையோடு கொண்டுபோகலாம். சாப்பாட்டுக் கூடத்தில் அதைத் திறக்கச் சொன்னால் கப்பலுக்கு ஒரு கட்டணம். கட்டணத்தைப் பற்றி ராட்னி கவலைப்படவில்லை. ஆளுக்கு ஒன்று என்ற விதி அவனுக்கு ஒரே அர்த்தம்தான் தந்தது: அவன் பெயரில் ஒன்று, அவ்ரில் பெயரில் ஒன்று, இரண்டும் அவனுக்கு.

அவ்ரிலுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது. குடித்தால் நெற்றிப் பொட்டில் சுத்தியல் விழும். அவளுக்குப் பிடித்தது பீச் பழ வாசம் அடிக்கிற, நுரைக்கிற, இனிக்கிற மலிவுச் சரக்கு. அதை அவள் தன் சிநேகிதிகளோடு வருடத்துக்கு இரண்டு முறை குடித்தாள். இரண்டாம் பயணத்தில் ஒரு மாலை, சாப்பாட்டு மேஜையில் அதுபோல ஒரு கோப்பை கேட்டுவிட்டாள். ராட்னி மேஜையிலிருந்த ஆறு பேரையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மன்னிச்சுக்கணும். என் பொண்டாட்டிக்குப் பிறவியிலயே நாக்கு ஊனம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவ்ரிலும் சிரித்தாள். ராட்னி பேசியதை அவள் மறந்தாலும் மறப்பாள், தான் சிரித்ததை மறக்கவில்லை. வரவேற்பு மேஜையில் இருபத்தொன்பது வருடம் யாருக்கும் வழிந்து சிரிக்காதவள், ஒரு ஓட்டுநர் தேர்வாளனின் கேலிக்குப் பல்லைக் காட்டினாளே! அடுத்த பத்துப் பயணங்களிலும் அவள் மேஜையில் தண்ணீர் மட்டுமே குடித்தாள்.

அந்தப் பத்துப் பயணங்களிலும் அவளுடைய பங்கு பாட்டிலை அவன்தான் குடித்தான். பரிமாறுகிறவனுக்கு பாட்டிலை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பான். கோப்பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கண்ணை மூடுவான். "ஈரத் தோல் வாசனை வருது, கவனிச்சீங்களா?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பான். வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருக்க வந்த மனிதர், ஈரத் தோலைத் தேடிக் கோப்பைக்குள் மூக்கை நுழைப்பார். "ஆமாங்க, வருது" என்பார். அவ்ரிலுக்கு அந்த மனிதர்மேலும் மரியாதை போய்விடும்.

பதின்மூன்றாம் பயணம் அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளில் வந்தது. அதற்காக ராட்னி ஏலத்தில் இரண்டு பாட்டில் எடுத்திருந்தான். இரண்டும் ஒரே தோட்டத்து பிரெஞ்சு போர்தோ ஒயின், அவர்கள் கல்யாணம் நடந்த 1983ஆம் வருடத்தது.

"எதுக்கு ரெண்டு?" என்று அவ்ரில் கேட்டாள்.

"நாப்பது வருஷ ஒயின். ஒண்ணு கெட்டிருந்தா இன்னொண்ணு வேணாமா? உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

அவளுடைய கம்பளிச் சட்டைகளில்தான் இரண்டையும் சுருட்டிவைத்தான். கப்பலில் பேசுவதற்கு ஓர் உரையும் தயார் செய்து, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தான். கதவுக்கு வெளியே நின்று அவள் முழுக்கக் கேட்டாள். உரையில் தோட்டம் வந்தது, மண் வந்தது, அந்த வருடத்து மழை வந்தது. அவள் பெயர் வரவில்லை.

மறுநாள் அவள் பெரிய கடைக்குப் போய்ப் பால், ரொட்டி, பல் பசையோடு பீச் ஒயின் ஒரு பாட்டிலும் வாங்கினாள். தக்கை பிளாஸ்டிக். பாட்டில்மேல் ஒட்டிய சீட்டில் ஓர் ஆரஞ்சு நிறக் கிளி. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கோபத்தில் செய்ததில்லை அது. ஒரு நோயாளியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிப்பதுபோல நிதானமாகச் செய்தாள்.

துறைமுகத்தில் சோதனை இயந்திரத்தைத் தாண்டியதும் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் அவர்கள் பைகளை ஓரமாக இழுத்தாள்.

"மூணு பாட்டில் இருக்கு. நீங்க ரெண்டு பேருதானே?"

"ரெண்டுதாம்மா இருக்கு. உங்க மிஷின சரி பண்ணுங்க" என்றான் ராட்னி. "பன்னெண்டு வருஷமா வரேன். விதியெல்லாம் உங்களவிட எனக்கு நல்லாவே தெரியும்."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு சார். மூணாவது கைப்பையில இருக்கு."

அவ்ரில் பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ராட்னி கிளியைப் பார்த்தான். செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இதென்ன கருமம்? யாருக்காவது பரிசா? சரி, அதக் குடுத்துடு. திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்."

"இது என்னோடது, ராட்னி."

"தெரியுது. குடுத்துடுன்னு சொன்னேன்."

அவள் நீலச் சட்டைக்காரியிடம் திரும்பினாள். "ஆளுக்கு ஒண்ணுதானே கண்ணு? இது என் பங்கு. அவரு பங்கு எதுன்னு அவரையே கேட்டுக்கோ."

அந்தப் பெண் ராட்னியைப் பார்த்தாள். "எத வச்சுக்கறீங்க சார்?"

ராட்னியின் கழுத்து காலரிலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. "அவ்ரில், இந்தப் பாட்டில் என்னான்னு தெரியுமா உனக்கு? நம்ம கல்யாண வருஷம்!"

"தெரியும். நானும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தேன்."

வரிசையில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராட்னி திரும்பிப் பார்த்தான். பூப்போட்ட சட்டையும் அரைக்கால் சட்டையுமாக ஓர் ஆள், பக்கத்தில் அவன் மனைவி. இன்னொரு நாளாக இருந்தால் அந்தச் சட்டைக்கே ராட்னி அவனைத் தோற்கடித்திருப்பான். அன்றைக்கு அவனிடம் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான்.

"சார், ஒரு சின்ன உதவி. இந்த ஒரு பாட்டில உங்க பேர்ல எடுத்துட்டு வர முடியுமா?"

"அட, எங்ககிட்டயும் ரெண்டு இருக்கே அண்ணே" என்றான் அந்த ஆள், தன் பையைத் தட்டிக்காட்டி. "திருகு மூடிதான். ஆனா ஜோரா இருக்கும்."

1983ஆம் வருடத்து பாட்டில்களில் ஒன்றுக்குக் காகித அட்டை கட்டி, எண் எழுதி, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தார்கள். அதே தொட்டியில் யாரோ கொண்டுவந்த ஒரு துணி இஸ்திரிப் பெட்டியும் மலிவு ஜின் புட்டிகளும் கிடந்தன. ராட்னி தொட்டியைப் பார்த்தபடியே நடந்ததில் கயிற்றுத் தடுப்பில் மோதினான்.

கப்பலில் இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது பயணத்தின் கூடுதல் வசதியாகவே பட்டது. மேல்தளத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நார்வேயின் மலைகளைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த மலைகளுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

மூன்றாம் நாள் மாலை விருந்து. எல்லாரும் கோட்டும் நீள உடையுமாக வந்திருந்தார்கள். அவர்கள் மேஜையில் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வந்த டெரன்ஸ், லினெட் என்ற தம்பதி. டெரன்ஸ் சமையலறைத் தரைக்கு ஓடு பதிக்கிறவன். ஒயின் பரிமாற எர்னெஸ்டோ என்ற மணிலாக்காரன் வந்தான். வயது ஐம்பதுக்கு மேல். கப்பல்களில் இருபது வருடமாக பாட்டில் திறக்கிறவன்.

ராட்னி எழுந்து நின்று உரையை ஆரம்பித்தான். தோட்டம், மண், மழை. எர்னெஸ்டோ தக்கைத் திருகாணியைச் செலுத்தி இழுத்தான். தக்கை பாதியில் பொடிந்தது.

"மெல்ல, மெல்ல! இப்படியா இழுப்பாங்க?" என்றான் ராட்னி.

"மன்னிக்கணும் சார்." எர்னெஸ்டோ பொடியை வடிகட்டி ஒரு வாய் ஊற்றினான். ஊற்றும்போதே அவன் மூக்கு ஒரு கணம் சுருங்கி நேரானது. அவ்ரில் அதைக் கவனித்தாள். முகங்களைப் படித்தே சம்பளம் வாங்கியவள் அவள்.

ராட்னி கோப்பையைச் சுழற்றினான், முகர்ந்தான், குடித்தான். அவன் தாடை அப்படியே நின்றது. அவ்ரிலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே வாசனை வந்துவிட்டது. சாலட்டில் ஊற்றுகிற வினிகரின் வாசனை. துப்பினால் இன்னொரு பாட்டில் கேட்கவேண்டும். அது தொட்டியில் இருந்தது. கெட்டுவிட்டது என்று சொன்னால் உரை, சான்றிதழ், பன்னிரண்டு வருடம் எல்லாம் போய்விடும். அவன் விழுங்கினான்.

"அபாரம்" என்றான். "எல்லாருக்கும் ஊத்துப்பா."

லினெட் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண் கலங்க நாப்கினை எடுத்தாள். டெரன்ஸ் பெரிய மனது பண்ணி இரண்டு வாய் குடித்தான். "ஆமாங்க, பழசுன்னு தெரியுது" என்றான்.

"அந்த ஈரத் தோல்?" என்றான் ராட்னி, குரல் கொஞ்சம் கம்ம.

"தோலும் இருக்கு. கூடவே ஊறுகாய் ஜாடியும் இருக்கு."

அவ்ரில் தன் கோப்பையை எடுத்து முகர்ந்தாள். குடிக்கவில்லை. திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"எர்னெஸ்டோ, இது கெட்டுப்போச்சு, இல்லையா?"

எர்னெஸ்டோ ராட்னியைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். "ரொம்ப வயசான ஒயின் மேடம்."

"எங்க டாக்டரும் இப்படித்தான் சொல்லுவாரு, செத்தவங்களப் பத்தி."

டெரன்ஸ் வெடித்துச் சிரித்தான். லினெட் அவன் முழங்கையில் இடித்தாள். ராட்னி வாயைத் திறந்தான், மூடினான். தேர்வுக் காரில் அவன் பக்கத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று அவ்ரிலுக்குத் தோன்றியது. பரிதாபம் வருமா என்று ஒரு கணம் தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"என் பாட்டில ஐஸ்ல வைக்கச் சொல்லியிருந்தேனே, கொண்டுவர்றியா?"

கிளி வந்தது. எர்னெஸ்டோ அதற்கும் வெள்ளைத் துணி சுற்றி, அதே மரியாதையோடு, சத்தமில்லாமல் திறந்தான். திறக்கிற கட்டணம் பாட்டிலின் விலையைவிட அதிகம். அவள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். நுரை பொங்கிற்று. வாயைக் கழுவ எதுவும் இல்லாத லினெட் பக்கத்திலிருந்த இன்னொரு வெறுங்கோப்பையை ஒரு விரல்கடை முன்னால் நகர்த்தினாள். டெரன்ஸும் ஆசையோடு பார்த்தான்.

"ஆளுக்கு ஒண்ணு" என்றாள் அவ்ரில். "இது என் பங்கு. உங்களுக்கு இவரு ஊத்துவாரு."

முழு பாட்டிலையும் அவளே குடித்தாள். உண்மையைச் சொன்னால், அது அளவுக்கு மீறி இனித்தது. வீட்டில் சிநேகிதிகளோடு குடித்தபோது இருந்த சுவைகூட இல்லை. மூன்றாம் கோப்பைக்குப் பிறகு திகட்டிற்று. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. எதிரே ராட்னி வினிகரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவனும் அடி காணும்வரை வைக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும், "எல்லார் முன்னாடியும் என்னக் கேவலப்படுத்திட்ட" என்றான்.

"நான் எங்க படுத்தினேன்? மோந்து பாத்தேன், அவ்வளவுதான். என் நாக்குதான் ஊனம் ராட்னி. மூக்கு நல்லா இருக்கு."

அவனுக்கு அந்த நாக்குப் பேச்சு நினைவில்லை. எந்த நாக்கு என்று விழித்தான். அவன் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் விளக்கை அணைத்தாள்.

அவர்கள் பிரியவில்லை. அறுபத்தேழு வயதில் வீட்டை இரண்டாக்கி அலைவதற்கு ராட்னி அத்தனை பெரிய ஆள் இல்லை என்பது அவள் எண்ணம். அடுத்த மே மாதப் பயணத்துக்கு அவளே தொலைபேசியில் பதிவு செய்தாள். ஒரே அறை, இரண்டு கட்டில், சாப்பாட்டுக்கு வேறு வேறு மேஜை. "வேற வேற மேஜையா?" என்று எதிர்முனையில் இரண்டு தரம் கேட்டார்கள். வரவேற்பு மேஜைக் குரலில் அவளும் இரண்டு தரம் சொன்னாள்.

முதல் மாலை அவளோடு உட்கார்ந்தவள் கார்டிஃபிலிருந்து வந்த ஒரு விதவை. சூப் வரும்வரை பொறுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் தவறி எவ்வளவு நாளாச்சும்மா?"

"தவறலையே. அதோ, தூண் பக்கத்துல, கோப்பைக்குள்ள மூக்க விட்டுக்கிட்டு இருக்காரு பாருங்க."

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். ராட்னி கண்ணை மூடியிருந்தான். அவன் பக்கத்தில் ஓர் இளம் தம்பதி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

"என்ன பண்றாரு அவரு?"

"பரீட்சை வைக்கிறாரு" என்றாள் அவ்ரில். "அந்த உப்ப இப்படித் தள்ளுங்க."