ஏழாம் கூட்டு எலி

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் எலி என்றாலே பொறிதான். வயலை நாசமாக்கும் சாதி அது. அப்படி வளர்ந்த எனக்கு ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளை எலிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்தபோது வீட்டில் சிரிக்காதவர் இல்லை.

ஆய்வு நடத்திய மிஸ் என்னைவிட இளையவர். துணிச்சலான எலிக்கும் பயந்த எலிக்கும் மூளை அமைப்பில் என்ன வேறுபாடு, எது வழியை நன்றாக நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. சோதனை முடிந்த எலிகளைக் கொன்று மூளையை எடுத்துப் பார்ப்பார். பால்மா கரைத்த தண்ணீர்த் தொட்டிக்குள் எலியை விடுவோம். தண்ணீருக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை இருக்கும். சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏழாம் கூட்டு எலி சரியான பயந்தாங்கொள்ளி. யார் கை நீட்டினாலும் கடித்துவிடும். மிஸ்ஸின் விரலிலும் தழும்பு உண்டு. என்னிடம் மட்டும் வந்தது. சும்மா வரவில்லை. இரண்டு வாரம் கூட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். பிறகு தொட்டியில் அதை வெல்ல ஆளில்லை. விட்டதும் நேரே மேடைக்குப் போய்விடும்.

எனக்கு வயல்காரப் புத்தி. நன்றாக விளைந்த வயல் துண்டின் நெல்லை நாங்கள் ஆலைக்குக் கொடுப்பதில்லை, விதைக்கு எடுத்து வைப்போம். அதே நினைப்பில் மிஸ்ஸிடம் நானாகப் போய்ச் சொன்னேன்.

"மிஸ், ஏழாம் நம்பர்தான் எல்லாத்திலையும் கெட்டிக்காரி. அதைக் குட்டி போட விடுவம், என்ன?"

"ஓம் அக்கா, விடுவம். யோசிக்காதேங்கோ."

அன்றைக்கு விதிமுறையை மீறி அதற்கு ஒரு கச்சான் கடலைப் பருப்புக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை ஒரு காலையில் மிஸ், "ஏழாம் நம்பரைக் கொண்டு வாங்கோ அக்கா, நிறை பார்க்க வேணும்" என்றார். கூட்டைத் திறந்து கையை வைத்தேன். அது ஏறி உள்ளங்கையில் சுருண்டுகொண்டது. கொடுத்துவிட்டு வந்து கூட்டைக் கழுவினேன். மத்தியானமாகியும் எலி திரும்பி வராததால் போய்க் கேட்டேன்.

"மூளையை எடுத்தாச்சு அக்கா. கெட்டிக்கார எலியின்ரை மூளைதானே முதல்ல வேணும்."

"குட்டி போட விடுறன் எண்டு சொன்னீங்களே?"

"அப்பிடிச் சொல்லாட்டி நீங்கள் தந்திருப்பீங்களே? கடைசி நேரத்திலை பயந்தால் மூளை சரிவராது. உங்கடை கையிலைதான் அது பயப்பிடாது."

மிஸ் பொய் சொன்னதை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த எலி மிஸ்ஸை நம்பவில்லையே, என்னைத்தானே நம்பியது.

மறுநாள் தீன் போட எட்டாம் கூட்டைத் திறந்தேன். அந்த எலியும் என் விரலை மோந்து பார்த்துவிட்டு உள்ளங்கையில் ஏற வந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.