பீற்றிஸின் இருபது நிமிடப் பள்ளிக்கூடம்

காலையில் யாருடனும் பேச எனக்குப் பிடிக்காது. நான் கணக்கு ஆசிரியை. நாள் முழுக்கத் தொண்டை தேயப் பேசுகிற வேலை. அதற்கு முன் கிடைக்கிற இருபது நிமிடமாவது வாயை மூடிக்கொண்டு மட்டக்களப்பு வாவியைப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்த இருபது நிமிடத்தைத்தான் பீற்றிஸ் என்னிடமிருந்து பறித்தாள்.

என் வீடு ஆரையம்பதியில். பள்ளிக்கூடம் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். பஸ்ஸில் துறைக்கு வந்து, அங்கிருந்து பாதையில் ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான இரும்புப் படகை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வர இருபது நிமிடமாகும். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். பாதையை ஓட்டிய மனிதருக்கு மேலிடத்திலிருந்து பேச்சு விழக்கூடாது. ஏன் என்று பிறகு தெரியும்.

துறையில் பீற்றிஸுக்கு ஒரு தேநீர்க் கடை இருந்தது. தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, ஒரு காஸ் அடுப்பு, அவ்வளவுதான். செட்டிபாளையத்துக்காரி, மெதடிஸ்த சபை, நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். புருஷன் சிறில் வாவியில் வலை போடுகிறவர், ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாதவர். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள்.

இவர்களுக்கு ஒரே மகள், டினுஷா. பத்தாம் வகுப்புத் தொடங்கிய மாதம் பிள்ளையின் கண்மடல் காலையில் வீங்கியிருந்தது. நுளம்பு கடித்திருக்கும் என்றார்கள். பிறகு கால் வீங்கியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் காட்டினால், சிறுநீரகத்தால் புரதம் ஒழுகுகிறது என்று சொன்னார்கள். உப்பில்லாச் சாப்பாடு, தினமும் மருந்துக் குளிசை. சனக்கூட்டத்துக்குள் விடவே கூடாது, ஒரு தடிமன், இருமல் தொற்றினாலும் ஆபத்து. இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். குறைந்து குறைந்து திரும்பி வந்தது. அந்த வருடத்தில் அவள் பள்ளிக்கூடம் போன நாட்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

குளிசையால் முகம் ஊதியது. பார்க்க வந்த வகுப்புத் தோழி ஒருத்தி, வாசலில் இருந்தவளிடமே “டினுஷா இல்லையா?” என்று கேட்டாளாம். அதே கிழமை பள்ளிக்கூட அதிபர் பீற்றிஸைக் கூப்பிட்டு, வரவு இல்லை, படிப்பும் இல்லை, பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையை ஒரு வருடம் பிந்தி எழுதட்டும் என்றார். அவர் கெட்டவரில்லை. ஆனால் அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் பீற்றிஸ் வீட்டு வாசலில் இருந்த கத்தாழைச் சாடியை நகர்த்தியபோது, மண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிளறினால் குளிசைகள். விழுங்கியதாகச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாய்ப் புதைத்திருக்கிறாள். வீக்கம் மறுபடி ஏறியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

“விழுங்கி என்ன அம்மா செய்ற? முகமும் போச்சு, வகுப்பும் போச்சு. இனி நான் ஆரோட இருந்து படிக்கிற?”

பீற்றிஸுக்கு அடிக்கத்தான் கை வந்ததாம். அடிக்கவில்லை. மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒரு பேரம் பேசினாள்.

“இஞ்ச பாரு மனே. நீ ஒரு குளிசை விடாம விழுங்கு. உன்ர வகுப்புப் புள்ளைகளோட, அதே மண்டபத்துல, உன்ன நான் சோதினை எழுத வைக்கிறன். ஆணை வைக்கப்படாதெண்டு எங்கட போதகர் சொல்லுவார். அதால ஆணை வைக்கல்ல. என்ர சொல்லு போதும்.”

சொல்லிவிட்டாள். எப்படிச் செய்வதென்று அவளுக்கே தெரியாது. அதிபரிடம் ஓடி, அழுது, சண்டை பிடித்து ஒரு நிபந்தனை வாங்கினாள். அடுத்த வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சையைத் தனி அறையில் எழுதி, கணக்கும் தமிழும் உட்பட ஆறு பாடம் தேறினால், அதிபர் சாதாரண தர விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பார். தேறாவிட்டால் இல்லை. டியூசன் வகுப்புக்கு அனுப்ப முடியாது, அங்கே நூறு பேர். வீட்டுக்கு வர எந்த ஆசிரியருக்கும் நேரமில்லை. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே யோசித்தவள் ஒருநாள் காலையில் தலையை நிமிர்த்தித் துறையைப் பார்த்தாளாம். அங்கே வரிசையாக நாங்கள்.

“இத்தின ரீச்சர்மார் சும்மா நிண்டு தண்ணியப் பாக்குறாங்களே எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு,” என்று பிறகு என்னிடமே சொன்னாள்.

அடுத்த நாள் என் ஒரு கையில் பிளேன்ரீயும் மறு கையில் ஒரு கொப்பியும் வந்து விழுந்தன.

“ரீச்சர், பாதை இன்னும் அந்தக் கரையில. புள்ளைக்கு இந்தக் கணக்க மட்டும் சொல்லிக் குடுங்க.”

“நான் உங்கட பள்ளிக்கூட ரீச்சர் இல்ல.”

“கணக்கு எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் ஒண்டுதானே?”

“காலையில நான் படிப்பிக்கிறல்ல,” என்று முகத்தை முறித்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

“சரி, படிப்பிக்க வேணாம். இந்த விடை சரியோ பிழையோ எண்டு மட்டும் சொல்லுங்க.”

பிழை. அதுவும் இரண்டாவது வரியிலேயே பிழை. பிழையான விடையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகக் கணக்கு ஆசிரியரால் முடியாது. பேனையை வாங்கினேன். அன்றோடு என் காலைகள் போயின.

கடைக்குக் கொஞ்சம் தள்ளிப் பூவரச மரத்தடியில் பள்ளிக்கூடம். மீனுக்கு ஐஸ் போட என்று சிறில் வாங்கி வந்த புது றெஜிபோம் பெட்டிதான் மேசை. மீன் படாதது என்று பீற்றிஸ் எல்லோரிடமும் சத்தியம் பண்ணாத குறை. பிள்ளை முகத்தில் மாஸ்க், எங்கள் முகத்திலும் மாஸ்க், நடுவில் இரண்டு கை தூரம், சுற்றிலும் வாவிக் காற்று. யாராவது இருமினால் பீற்றிஸ் கடைக்குள்ளிருந்தே கத்துவாள்: “தடிமன்காரர் எல்லாரும் அங்கால போங்க, சுறுக்கா!”

ஒரு பாடம் இருபது நிமிடம். பாதை ஊதினால் வசனத்தின் நடுவிலேயே எழும்பி ஓட வேண்டும். மீதி பின்னேரம் திரும்பி வரும்போது. இடையில் பிள்ளை அதைத் தானே முடித்துப் பார்ப்பாள். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் விட்டோம் என்பதைப் பீற்றிஸ் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைப்பாள். காத்தான்குடியிலிருந்து வரும் ஸுஹைனா ரீச்சர் தமிழுக்கு மாட்டினா. நான் கணக்கு. விஞ்ஞானத்துக்குத்தான் பீற்றிஸ் ஒரு பெரிய பிழை விட்டாள்.

கையில் பைலும் காலில் மினுங்குகிற சப்பாத்துமாகத் துறைக்கு வருகிற எல்லோரும் ஆசிரியர் என்பது அவள் கணிப்பு. நிரோசன் என்ற இளைஞர் புதிதாக மாற்றலாகி வந்தார். முதல் நாளே அவர் மடியில் விஞ்ஞானப் புத்தகம் விழுந்தது. இந்தத் துறையின் வழக்கம் இதுதானாக்கும் என்று நினைத்து, அந்த மனிதர் ஒரு கிழமை பேசாமல் படிப்பித்தார். எட்டாம் நாள் ஒருவர் நொண்டுகிற ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து, “டொக்டர், இதக் கொஞ்சம் பாருங்க” என்றார். பீற்றிஸ் கையிலிருந்த தேத்தண்ணி வடி அப்படியே நின்றது.

“நீங்க சேர் இல்லையா?”

“இல்லயே, நான் மிருக வைத்தியர்.”

அவள் வெட்கப்படுவாள் என்று பார்த்தேன். ஒரு நொடிகூட இல்லை. “மாட்டு டொக்டரா! அப்பக் குண்டிக்காயப் பத்தி நல்லாத் தெரியுமே! நாளைக்கு அதப் படிப்பியுங்க.”

அவர் படிப்பித்தார். றெஜிபோம் மூடியிலேயே சிறுநீரகத்தைக் கீறி, எங்கே வடிகட்டுகிறது, எங்கே ஒழுகுகிறது, குளிசை போய் என்ன செய்கிறது என்று காட்டினார். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறதென்று பிள்ளைக்கு அதுவரை யாரும் விளங்கப்படுத்தியிருக்கவில்லை. அன்று அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிய அவர் இரண்டு பாதையைத் தவறவிட்டார்.

இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது வீக்கம் திரும்ப வந்தது. இந்த முறை குளிசை புதைக்கவில்லை. வருத்தம் தானாகவே வந்தது. ஆஸ்பத்திரியில் மறித்து வாட்டில் சேர்த்துவிட்டார்கள். பீற்றிஸ் வாட்டில், சிறில் கடையில். அவர் போட்ட தேத்தண்ணியைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். பரீட்சைத் திகதியைத் தள்ள முடியாது என்றார் அதிபர். புரதம் இறங்கினால் எழுதப் போகலாம் என்றார் வைத்தியர். பிள்ளைக்குக் கணக்கில் வட்ட நாற்பக்கல் முழுதாய்ப் பாக்கி கிடந்தது.

பீற்றிஸ் போன் எடுத்தாள். “ரீச்சர், பேசி வட்சப்பில அனுப்புங்க. புள்ள படுத்துக்கொண்டு கேப்பாள். கொப்பி என்ர கையில இரிக்கி.”

“முடியுமா பீற்றிஸ், இந்த நேரத்தில?” என்றேன். எனக்கு உண்மையில் நம்பிக்கை போயிருந்தது.

“அவள் இண்டைக்கும் குளிசை விழுங்கிட்டாள். நான் என்ர பக்கத்த விடலாமா?”

மறுநாள் காலை துறையில் நின்று போனைப் பிடித்துப் பேசத் தொடங்கினேன். பாதி சொல்வதற்குள் பாதை வந்துவிட்டது. ஏறி நின்றும் பேசினேன். கேட்டுப் பார்த்தால் இயந்திரத்தின் கடகடப்பைத் தவிர ஒன்றுமில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஒண்டும் கேக்குதில்ல,” என்று ஸுஹைனா ரீச்சரிடம் சொன்னேன்.

பாதையை ஓட்டுகிறவர் கோணாமலை அண்ணன். அறுபது வயது இருக்கும். பீற்றிஸிடம் தினமும் இரண்டு தேத்தண்ணி குடிப்பார், பூவரச மரப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். அந்த மனிதர் வாவியின் நட்ட நடுவில் இயந்திரத்தை நிறுத்தினார்.

“என்ன அண்ணன், பழுதா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பழுதில்ல. ரீச்சர் கணக்குச் சொல்லப் போறா. ஒருத்தரும் சத்தம் போடப்படாது.”

முப்பது பேர் வாய் மூடினார்கள். கோழிப் பெட்டி கொண்டு வந்தவர் பெட்டியைத் துவாயால் போர்த்தினார். தண்ணீர் இரும்பில் தட்டுகிற சத்தம் மட்டும். வட்ட நாற்பக்கலின் எதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகை நூற்றெண்பது பாகை என்று வாவி நடுவில் நின்று நான் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் படிப்பித்திருக்கிறேன். இப்படி ஒரு வகுப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஏழு நிமிடம் பேசினேன். பாதை மெதுவாக மிதந்து தெற்கே போய்க்கொண்டிருந்தது.

ஐந்து நாள் இது நடந்தது. ஒருநாள் கணக்கு, ஒருநாள் தமிழ், ஒருநாள் டொக்டர். முதல் நாள் நேரம் போகிறதென்று முறுமுறுத்த, கந்தோர் வேலைக்குப் போகிற ஒருவர், மூன்றாம் நாள் என்னருகில் வந்து, “ரீச்சர், முந்தநாள் அந்தக் கோணம் என்னெண்டு எழுவது வந்த?” என்று கேட்டார். அவருக்கும் விளங்கப்படுத்தினேன்.

பரீட்சைக்கு முதல் நாள் புரதம் இறங்கியது. டினுஷா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பள்ளிக்கூடம் போய் நூலக அறையில் தனியே இருந்து எழுதினாள். ஆறு கேட்டார்கள், ஏழு தேறினாள். கணக்கு நாற்பத்தொன்பது. அதிபர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, “எப்படிப் படிச்ச?” என்றாராம். “பாதையில சேர்,” என்றாளாம் பிள்ளை.

சாதாரண தரப் பரீட்சையை அவள் தன் வகுப்புப் பிள்ளைகளோடு, அதே மண்டபத்தில், ஜன்னலோரம் மாஸ்க் போட்டுக்கொண்டு எழுதினாள். அவளுக்கு முன்னால் இருந்தவள், அன்றைக்கு வாசலில் அவளை அடையாளம் தெரியாமல் நின்ற அதே தோழி.

பெறுபேறு வந்த மறுநாள் காலை நான் பஸ்ஸால் இறங்க முன்னமே பீற்றிஸின் குரல் கேட்டது. ஒன்பது பாடமும் சித்தி. விஞ்ஞானத்துக்கு ஏ. நிரோசன் டொக்டர் நின்ற நிலத்தில் இல்லை, தேத்தண்ணிக்கு வந்த எல்லோருக்கும் தன் மாணவி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணக்குக்கு பி தான் கிடைத்தது. ஏ வந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அன்று பீற்றிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நான் யாரையும் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை.

அப்போது டினுஷா கடைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டு வந்தாள். முகத்தில் இன்னும் கொஞ்சம் ஊதல் இருந்தது. வருத்தம் முற்றாகப் போய்விடவில்லை. குளிசை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒன்று என்று குறைந்திருந்தது, உயர்தர வகுப்புக்குப் போகலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ரின்னைத் திறந்து வாங்கில் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுத் தருகிற சின்னக் கடதாசி உறைகள். எல்லாம் வெறும் உறைகள், ஒவ்வொன்றிலும் பேனையால் திகதி. கத்தாழைச் சாடி நாளுக்கு அடுத்த நாளிலிருந்து முந்தாநாள் வரை.

“நீங்க சொன்னதச் செஞ்சிட்டீங்க அம்மா,” என்றாள். “இது என்ர பக்கம். எல்லாத்தையும் விரிச்சுப் பாருங்க, ஒண்டுலயும் மிச்சமில்ல.”

 பீற்றிஸ் அந்த உறைகளை இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, வாங்கில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். சிறில் பக்கத்தில் வந்து நின்று, “பாத்தியா, பாத்தியா,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதை வந்து நின்றது. நாங்கள் யாரும் அசையவில்லை. கோணாமலை அண்ணன் ஊதவுமில்லை, கூப்பிடவுமில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, தானே ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தார். அன்றைக்கு முதலாம் பாடத்துக்கு நான் பிந்தித்தான் போனேன்.