இருபத்தேழாம் நம்பர் எச்சில்

எங்கள் மண்ணூரில் யாருக்காவது காத்துக் கருப்பு பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டால் முதலில் சிரிப்பவள் நான்தான். பயோகெமிஸ்ட்ரி படித்தவள் என்கிற திமிர். இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், கதை விடுகிறாள் என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நம்பினாலும் நம்பாவிட்டாலும் என்னைக் காறித் துப்ப இதில் வேறு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஒரகடத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். மனதில் பயமோ அழுத்தமோ வந்தால் உடம்பில் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் ஏறும். ஷிப்டு பார்க்கும் பெண்களுக்கு அது எவ்வளவு ஏறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ரத்தம் கித்தமெல்லாம் வேண்டாம், எச்சில் போதும். காலையில் கண் விழித்ததும், பல் தேய்ப்பதற்கு முன்னால், ஒரு பஞ்சுச் சுருளை இரண்டு நிமிடம் மென்று சின்னக் குழாயில் போட்டுத் தர வேண்டும். மூன்று நாள், ஆளுக்கு மூன்று குழாய்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்ப் பேசினேன். முப்பது பெண்கள், எல்லாரும் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். எச்சில் கொடுக்க ஒருத்திக்கும் இஷ்டமில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகப் பார்த்தார்கள். உடனே நான், "ரிசல்ட்ல அதிகமா வந்தா டாக்டரே கம்பெனிக்கு லெட்டர் எழுதுவாரு, ஷிப்டு மாத்திக் குடுப்பாங்க" என்றேன். பச்சைப் பொய். அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது, பெயர்கூட வெளியே போகாது, வெறும் நம்பர்தான். ஆனால் அதைக் கேட்டதும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். பாண்டீஸ்வரி, சிவகங்கைப் பக்கம், இருபது வயது இருக்கும். அவளுக்கு நம்பர் இருபத்தேழு.

"அக்கா, ஷிப்டு மட்டுந்தான் மாத்துவாகளா, லைனையும் மாத்துவாகளா?"

"ஏன், இன்னா ஆச்சு?"

"எங்க லைன் லீடரு சரியில்லக்கா. தனியா இருக்கையில..." என்று இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

நான் மணியைப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ போய்விட்டால் அரை மணி நேரம் ரோட்டில் நிற்க வேண்டும். "எல்லாம் மாத்துவாங்க, நீ மூணு நாளும் ஒழுங்கா குடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

விதிப்படி, அவர்கள் கண் விழிக்கும்போது எங்கள் ஆள் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இருந்து, பார்த்து, ஒவ்வொரு நம்பருக்கும் நேராக நேரம் எழுதி, ‘நேரில் பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு யார் போவது? குழாய்களை வார்டனம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் போய் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன். மூன்று நாளும் அப்படித்தான். மூன்று நாளும் ஐந்தரை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் லேபில் பெட்டியைத் திறந்தால் இருபத்தேழாம் குழாயில் பஞ்சு பொட்டு ஈரமில்லாமல் கிடக்கிறது. ஒரு சாம்பிள் குறைந்தால் ஆராய்ச்சியை நடத்தும் சார் கேட்பார், விடியற்காலையில் நீ ஹாஸ்டலில் இருந்தாயா இல்லையா என்பதில் போய் நிற்கும். மத்தியானம் எல்லாரும் கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினேன். புதுப் பஞ்சு ஒன்றை என் வாயில் வைத்து மென்றேன். லெமன் சாதம் தீர்ந்துவிடப் போகிறதே என்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. மென்றதை இருபத்தேழாம் குழாயில் போட்டு மூடினேன். யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விஷயம் புரியாது. குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள ஒரு தட்டு. குழியின் அடியில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும், அது கார்ட்டிசாலை மட்டும் பிடித்துக்கொள்ளும். எச்சிலோடு, நிறம் தரக்கூடிய எங்கள் கார்ட்டிசாலையும் கலந்து ஊற்றுவோம். ஷேர் ஆட்டோவில் சீட்டுக்கு அடித்துக்கொள்கிற மாதிரி இரண்டும் இடத்துக்குப் போட்டி போடும். எச்சிலில் அதிகம் இருந்தால் அதுவே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும், எங்களுடையது கழுவும்போது போய்விடும், நிறம் வராது. அதாவது, குழி நல்ல மஞ்சளாக இருந்தால் ஆள் நிம்மதி. வெளுக்க வெளுக்க ஆள் பயத்தில் இருக்கிறாள்.

பாண்டீஸ்வரியின் முதல் இரண்டு நாள் குழிகள் மற்றவர்களுடையதைவிட வெளுப்பு. மூன்றாம் நாள் குழி தண்ணீர் மாதிரி இருந்தது. மெஷினால் அளக்கவே முடியவில்லை. அது என் எச்சில்! பகலில் எடுத்தது, பகலில் யாருக்குமே கார்ட்டிசால் குறைவு. மறுபடி போட்டேன், அதே தண்ணீர். சந்தேகத்தில் புதிதாக என் எச்சிலை எடுத்துப் பக்கத்துக் குழியில் வைத்து மூன்றாம் முறை போட்டேன். அது மஞ்சள், இருபத்தேழு தண்ணீர். ஒரே வாய்தானே! பட்டப்பகலில், ஏசி அறையில், எனக்கு வியர்த்துவிட்டது.

சார் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இருபத்தேழு இப்படி வந்திருக்கு? அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கலாமா?" என்று கேட்டார்.

நான் சொன்ன பொய்யை அவராகவே மெய்யாக்க வந்து நிற்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவளைக் கூப்பிட்டால், ‘மூணாம் நாள் நான் குடுக்கவே இல்லையே’ என்பாள், என் வேலை போய்விடும். "சாம்பிள் கெட்டுப்போச்சு சார்" என்றேன். அவர் அந்த நம்பரை அப்படியே அடித்துவிட்டார். மூன்று நாளையும் சேர்த்து.

அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போனபோது மனசு கேட்காமல் விசாரித்தேன். வார்டனம்மா, "அந்தப் பொண்ணா? மூணாவது நாளே வேலைய வுட்டுட்டு ஊருக்குப் போய்ட்ச்சு மேடம். யாராண்டயும் ஒண்ணும் சொல்லல" என்றார். தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து ஒரு போன். கையெழுத்து வாங்கிய தாளில் இருந்த என் போன் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா, பாண்டீஸ்வரி பேசுறேன். காரைக்குடில துணிக்கடைல இருக்கேன். அன்னைக்கு விடியக்காலைல நீங்க மட்டும் வரலைன்னா நான் மொட்டை மாடிக்குப் போயிருப்பேன்க்கா. முடிவு பண்ணித்தான் எந்திரிச்சேன். நீங்க கட்டில்ல உக்காந்து என்னன்னு கேட்டீக. முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்தீக. மொதல்ல ஊருக்கு பஸ் ஏறுன்னு சொன்னீக."

அந்த விடியற்காலையில் நான் மண்ணூரில் எங்கள் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு அம்மா வந்து எழுப்பினாள்.

"நீ வேற யாரையோ சொல்றேம்மா" என்றேன்.

"வெளையாடாதீகக்கா! எவ்வளவு மென்டாலும் எனக்கு எச்சியே ஊறல. ‘குடு, ஒனக்குப் பதிலா நான் தாரேன்’னு ஒரு பஞ்ச உங்க வாயில வச்சு மென்டீகளே. என்னயப் பாத்து அழுதுக்கிட்டே மென்டீக."

போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு மறுபடி எடுத்துக் காதில் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்த திருட்டு, எனக்கு மட்டும் தெரிந்தது, அவள் வாயில் அது ஒரு புண்ணியமாக வருகிறது. நான் அங்கே இருந்தேன் என்று அவள் சொல்கிறாள், ஐந்தரைக்கு நேரில் பார்த்தேன் என்று என் கையெழுத்தும் சொல்கிறது. இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்றைக்கே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பரவால்ல, நல்லா இரு" என்று அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிடுகிறாள். சாப்பிட்டீகளா என்பாள், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பாள், நானும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்வேன். போனை வைக்கும்போது மட்டும் தவறாமல், "அழாதீகக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது.